சோதனைக் குழாயில் சேர்ப்பது கலப்படம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சூரை மீன் சாப்பிட்டு முகம் சிவந்து, தலை வலித்து, நாக்கு எரிந்தவர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த வாசகர் கடிதம் இரண்டு குறைகளைச் சொல்லியிருந்தது. கருவி கைவசம் இருந்தும் மீன் சோதனை முடிவு வர இரண்டு மூன்று நாள் ஏன் ஆகிறது என்பது ஒன்று. "சோதனைக்குப் போன மீனில் பரிசோதனைக் கூடத்தாரே ஏதோ ரசாயனத்தை ஊற்றுகிறார்கள், பிறகு மீனில் ரசாயனம் இருக்கிறது என்கிறார்கள்" என்பது மற்றொன்று. இரண்டாவதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் விவரம் தெரியாதவருக்கு அது நியாயமான சந்தேகம். கூடத்தில் ரசாயனம் ஊற்றுவது உண்மை. நேரம் போவதும் தவறு நேர்வதும் பெரும்பாலும் அந்த வேலையில்தான். எனவே இரண்டு கேள்விக்கும் சேர்த்தே விடை சொல்லலாம்.

சூரை, மார்லின், கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயல்பாகவே தாராளமாக உண்டு. சூரையில் ஒரு கிலோவுக்குச் சில கிராம் முதல் 10 கிராமுக்கும் மேல் இருக்கும். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் மோர்கனெல்லா மோர்கனி முதலான பாக்டீரியாக்கள் அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் பிறகு போகாது. குழம்பில் கொதித்தாலும், விந்தாய் (மஞ்சளும் கடுகும் வினிகரும் சேர்த்த நம் மொரீஷியஸ் மீன் பதார்த்தம்) செய்து வினிகரில் ஊறினாலும், மார்லினைப் புகை போட்டாலும், டின்னில் அடைத்து வேகவைத்தாலும் அப்படியே இருக்கும். மீன் நாற வேண்டும் என்றும் இல்லை. ஆகவே மூக்கை நம்ப முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பதில் ஒரு சிக்கல். ஹிஸ்டமின் மிகச் சின்ன மூலக்கூறு, அதன் நிறை 111. அதற்கு நிறம் இல்லை, தானாக ஒளிரும் தன்மையும் இல்லை. புற ஊதாக் கதிரில் 210 நானோமீட்டர் பக்கம் மட்டும் கொஞ்சம் உறிஞ்சும். அந்த இடத்தில் மீனில் உள்ள மற்ற எல்லாமே உறிஞ்சுவதால், திருவிழாக் கூட்டத்தில் வெள்ளைச் சட்டைக்காரரைத் தேடுவது போலத்தான் இருக்கும். அதனால் ஹிஸ்டமினோடு வினைபுரிந்து, கருவியின் கண்ணுக்குத் தெரியும் புதுப் பொருளாக அதை மாற்றும் இன்னொரு பொருளைச் சேர்க்கிறார்கள். இதற்கு டெரிவடைசேஷன் என்று பெயர். தமிழில் பெறுதியாக்கம் எனலாம். எளிமையாகச் சொன்னால், தேடும் ஆளின் நெற்றியில் ஒளிரும் பொட்டு ஒன்றை வைப்பது. பொட்டு வைப்பதால் ஆள் உண்டாகிவிடுவதில்லை. குழாயில் ஹிஸ்டமினோ அதை ஒத்த பொருளோ இல்லையென்றால், மேற்படி ரசாயனத்தை எவ்வளவு ஊற்றினாலும் அது பெரிதாக ஒளிராது. இதை நிரூபிக்க ஒவ்வொரு தொகுதியிலும் மீனே இல்லாத ஒரு குழாயையும் வைத்து, எல்லா ரசாயனங்களையும் அதே அளவில் அதே வரிசையில் சேர்த்துப் படிக்க வேண்டும். அதை வெற்றுக் குழாய் என்பார்கள். அந்தக் கடிதத்தை எழுதிய அன்பர் கேட்டுப் பார்க்க வேண்டியது அந்தக் குழாய்க்குக் கருவி காட்டிய எண்ணைத்தான்.

பகுப்பாய்வு முறைகளை வெளியிடும் ஏ.ஓ.ஏ.சி. என்ற அமைப்பின், நீண்ட காலமாகப் புழங்கும் 977.13 முறையை எடுத்துக்கொள்வோம். இதில் ஆர்த்தோ தாலால்டிஹைடு, சுருக்கமாக ஓ.பி.ஏ., பொட்டு வைக்கும் பொருள். மீனை நன்றாக அரைத்து, அதில் 10 கிராம் நிறுத்து, 50 மில்லிலிட்டர் மெத்தனாலோடு இரண்டு நிமிடம் மிக்ஸியில் அடித்து, 100 மில்லிலிட்டர் அளவுக் குடுவைக்கு மாற்றி, நீர்த்தொட்டியில் 60 டிகிரியில் 15 நிமிடம் வைக்க வேண்டும். மெத்தனால் கொதிப்பது 65 டிகிரிக்குச் சற்றுக் கீழே என்பதால் தொட்டியின் சூடு நான்கைந்து டிகிரி ஏறினாலே குடுவை பொங்கும். பிறகு 25 டிகிரிக்கு ஆறவிட்டு, மெத்தனாலால் கோடு வரை நிரப்பி வடிகட்ட வேண்டும். அவசரத்தில் சூடாக இருக்கும்போதே கோடு வரை நிரப்பினால், ஆறியபின் ஏறக்குறைய 4 மில்லிலிட்டர் சுருங்கியிருக்கும். முடிவு 4 விழுக்காடு கூடிவிடும். சிறிய பிழைதான். ஆனால் எல்லை கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்னும்போது, 97 என்று வரவேண்டியது 101 ஆகி, ஒரு பெட்டி மீன் வீணாகத் திருப்பி அனுப்பப்படும்.

அடுத்து ஹிஸ்டிடினை விலக்க வேண்டும். ஓ.பி.ஏ.வுக்கு ஹிஸ்டமினுக்கும் ஹிஸ்டிடினுக்கும் உள்ள வேறுபாடு முழுதாகத் தெரியாது. கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஹிஸ்டமினைத் தேடும் இடத்தில் அதைப் போல நூறு மடங்கு ஹிஸ்டிடின் நின்றுகொண்டிருக்கிறது. ஆகவே வடித்த சாறில் 1 மில்லிலிட்டரைக் கொஞ்சம் தண்ணீரோடு, ஹைட்ராக்சைடு வடிவில் உள்ள அயனிப் பரிமாற்றப் பிசின் நிரப்பிய குழலில் விடுகிறார்கள். பிசின் 8 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். ஹிஸ்டிடினில் உள்ள அமிலப் பகுதி பிசினில் சிக்கிக்கொள்ளும், ஹிஸ்டமின் வழுக்கிக்கொண்டு கீழே வரும். கீழே 5 மில்லிலிட்டர் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள குடுவை காத்திருக்கும் (நார்மல் என்பது அமிலம், காரத்தின் வீரியத்தைச் சொல்லும் அலகு). தண்ணீர் விட்டு விட்டு 35 மில்லிலிட்டர் இறங்கியதும் நிறுத்தி, 50 மில்லிலிட்டராக நிரப்ப வேண்டும். பிசின் ஓய்ந்துபோனால் ஹிஸ்டிடினும் கூடவே இறங்கி, நல்ல மீனைக் கெட்டது என்று காட்டும். அதைப் பழையபடி ஹைட்ராக்சைடு வடிவத்துக்குக் கொண்டுவர சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, தண்ணீர் நடுநிலை ஆகும் வரை கழுவ வேண்டும். இது அரை மணி நேரத்தில் முடிகிற வேலை இல்லை. குழல் காய்ந்துபோகவும் விடக்கூடாது.

இனிதான் பொட்டு வைக்கும் கட்டம். அந்த 50 மில்லிலிட்டரில் 5 எடுத்து, 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மில்லிலிட்டர், 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 3 மில்லிலிட்டர் சேர்த்துக் கலக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் ஓ.பி.ஏ. கரைசல் 1 மில்லிலிட்டர் விட்டு உடனே கலக்க வேண்டும். அது 100 மில்லிலிட்டர் மெத்தனாலில் 100 மில்லிகிராம் கரைத்தது, பழுப்புப் புட்டியில் குளிர்பெட்டியில் இருப்பது. சரியாக 4 நிமிடம் ஆனதும் 3.57 நார்மல் பாஸ்பாரிக் அமிலம் 3 மில்லிலிட்டர் விட்டு மறுபடி கலக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒளிர்மானியில் 350 நானோமீட்டரில் ஒளியூட்டி 444 நானோமீட்டரில் படித்துவிட வேண்டும்.

இந்த 4 நிமிடம் 'கிட்டத்தட்ட நாலு நிமிடம்' அல்ல. காரத்தில் வினை ஓடிக்கொண்டே இருக்கும், உண்டான ஒளிரும் பொருள் அதே காரத்தில் நிலைக்காது. பாஸ்பாரிக் அமிலம்தான் வினையை நிறுத்தி ஒளியை நிலைக்கவைப்பது. ஒரு குழாய்க்கு மூன்றரை நிமிடமும் இன்னொன்றுக்கு ஐந்து நிமிடமும் கொடுத்தால், அந்த இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது. எனவே கடிகாரத்தை வைத்துக்கொண்டு 30 விநாடிக்கு ஒரு குழாய் என்று ஓ.பி.ஏ. விட்டுக்கொண்டு போவார்கள். எட்டாவது குழாய் 210வது விநாடியில் முடியும். 240வது விநாடியில் முதல் குழாய்க்கு அமிலம் விடும் நேரம் வந்துவிடும். ஆக ஒருவர் ஒரே சுற்றில் எட்டுக் குழாய்தான் பார்க்க முடியும். ஒரு சரக்குக்கு ஒன்பது மீன், ஒவ்வொன்றும் இரு முறை, ஒப்பிட்டுப் பார்க்க ஹிஸ்டமின் அளவு தெரிந்த மூன்று திட்டக் கரைசல், ஒரு வெற்றுக் குழாய் என்று கூட்டினால் 22 குழாய், மூன்று சுற்று. அதற்கு முன்னால் 18 முறை சாறெடுத்து, 18 முறை குழலில் விட்டிருக்க வேண்டும். கருவி படிக்கும் நேரம் குழாய்க்குச் சில விநாடிதான். இரண்டு நாள் எங்கே போகிறது என்று அன்பர் இப்போது கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அமிலமும் காரமும் ஏன் இவ்வளவு கண்டிப்பாக? கணக்கு எளிது. 5 மில்லிலிட்டர் சாறிலும் சேர்த்த 10 மில்லிலிட்டரிலும் 0.1 நார்மல் அமிலம், மொத்தம் 1.5 மில்லி சமானம் (மில்லிலிட்டரை நார்மலால் பெருக்கியது). சோடியம் ஹைட்ராக்சைடு 3 மில்லி சமானம். இரண்டும் கழிந்து 1.5 காரமாக மிஞ்சும், வினை ஓடும். யாரோ தவறிப்போய் ஹைட்ராக்சைடைப் பாதி வீரியத்தில் கரைத்துவிட்டால் 1.5க்கு 1.5 தீர்ந்து, காரமே மிஞ்சாது. ஹிஸ்டமினின் அமீன் எனும் நைட்ரஜன் பகுதி ஒரு புரோட்டானைச் சுமந்துகொண்டு வினைக்கு வராமல் உட்கார்ந்துவிடும். கெட்ட மீனுக்கு நல்ல மீன் என்று சான்று கிடைக்கும். பொய்யான உயர்வை விட இந்தப் பொய்யான தாழ்வுதான் ஆபத்து. அளவு தெரிந்த திட்டக் கரைசலையும் அதே கரைசல்களால், அதே சுற்றில் நடத்தினால் அதுவும் ஒளிராமல் நின்று தவறைக் காட்டிக்கொடுக்கும். போன வாரத் திட்டக் கரைசல்களைக் கொண்டு வரைந்த அளவுக்கோட்டை வைத்து இந்த வார மீனைக் கணக்கிடும் பழக்கம் எந்தக் கூடத்தில் இருந்தாலும் அந்த முடிவை நம்ப வேண்டாம்.

திட்டக் கரைசலிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஹிஸ்டமின் பெரும்பாலும் டைஹைட்ரோகுளோரைடு உப்பாகத்தான் புட்டியில் வரும். அந்த உப்பில் 100 மில்லிகிராம் நிறுத்தால் உள்ளே ஹிஸ்டமின் 60 மில்லிகிராம்தான், மற்றது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பங்கு. 100 வேண்டுமானால் சுமார் 166 நிறுக்க வேண்டும், தூய்மை 98 விழுக்காடானால் 169. இதை மறந்தவருக்கு 60 உள்ள மீன் 100 என்று வரும். மீன்காரர் பாவம்.

கடைசியில் குழாயில் இருப்பது எவ்வளவு மீன் தெரியுமா? 10 கிராம் மீன் 100 மில்லிலிட்டரில். அதில் 1 மில்லிலிட்டர் என்றால் 0.1 கிராம் மீன். அது 50 மில்லிலிட்டராகி, அதில் 5 எடுத்தால் 0.01 கிராம். கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்ற எல்லையில் இருக்கும் மீன் அந்தக் குழாயில் தருவது 1 மைக்ரோகிராம் ஹிஸ்டமின். பிப்பெட்டில் 1 மில்லிலிட்டருக்குப் பதில் 0.95 இறங்கினால் எல்லைக்குச் சற்று மேலே உள்ள மீன் கீழே இறங்கிவிடும். ஒளி அளவைக் கடந்து போனால் குழாயில் தண்ணீர் ஊற்றி நீர்க்கக் கூடாது. ஓ.பி.ஏ. சேர்த்து முடித்த வெற்றுக் கலவையால்தான் நீர்க்க வேண்டும். இல்லையென்றால் அமில அளவு மாறி ஒளியும் மாறும்.

நம் மொரீஷியஸுக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. சோதனைக்குப் பச்சை மீன் மட்டும் வருவதில்லை. சாப்பிட்டவர் வீட்டில் மிஞ்சிய விந்தாயும் வரும், மஞ்சளும் கடுகுமாக. மஞ்சளே ஒளிரும் பொருள். ஆகவே ஓ.பி.ஏ. விடாமல் அதே சாறை இன்னொரு குழாயில் வைத்துப் படித்து, அந்த ஒளியைக் கழிக்க வேண்டும். அது போதாது. விந்தாயின் இன்னொரு பங்கில் தெரிந்த அளவு ஹிஸ்டமினைச் சேர்த்து, சேர்த்ததில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 100 சேர்த்து 70தான் திரும்பினால் முதல் எண்ணும் அந்த அளவுக்குக் குறைவாகவே வந்திருக்கும்.

இப்போது பல இடங்களில் ஓ.பி.ஏ.வுக்குப் பதில் டான்சில் குளோரைடு என்ற வேறொரு பொட்டும், கலவையைப் பத்தி எனும் நிரப்பிய குழலில் செலுத்திப் பிரிக்கும் எச்.பி.எல்.சி. கருவியும் வந்துவிட்டன. 2017இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 19343 என்ற பன்னாட்டுத் தர முறை இந்த வழியைச் சேர்ந்தது. இதில் மீனை 0.2 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில் எடுத்து, சோடியம் கார்பனேட்டால் காரமாக்கி, அசிட்டோனில் கரைத்த டான்சில் குளோரைடைச் சேர்த்து, இருட்டில் சூடாக்குவார்கள். ஹிஸ்டமினில் இரண்டு டான்சில் ஒட்டிக்கொள்ளும். 111 நிறை 577 ஆகிவிடும். பருத்துப் போன அந்த மூலக்கூறு பத்தியில் மற்ற அமீன்களிடமிருந்து விலகி, தனக்கென்று ஒரு நேரத்தில் வெளியே வரும். மிஞ்சிய டான்சில் குளோரைடை அப்படியே விட்டால் அது தன் பங்குக்குக் கருவியின் வரைபடத்தில் உச்சிகளைக் காட்டிக் குழப்பும். அதனால் புரோலின் சேர்த்து அதைத் தீர்த்துவிட்டு, டொலுயீனில் பிரித்தெடுத்து, நைட்ரஜன் ஓடவிட்டு உலர்த்தி, அசிட்டோநைட்ரைலில் கரைப்பார்கள். அளவு தெரிந்த 1,3-டைஅமினோபுரோபேனை ஆரம்பத்திலேயே சேர்த்துவிடுவது இந்த வழியின் பெரிய பலம். வழியில் எங்கே இழப்பு நேர்ந்தாலும் அதுவும் கூடவே குறையும், விகிதம் காப்பாற்றும். ஓ.பி.ஏ. முறையில் இந்தக் காவல் இல்லை. காசும் ஆளும் இருந்தால் டான்சில் வழியே மேல் என்பது எங்கள் எண்ணம்.

பெறுதியாக்கமே வேண்டாத வழி இல்லையா என்று கேட்கலாம். மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானி உள்ள கருவி ஹிஸ்டமினை நேரடியாகவே பார்க்கும். விலையும் பராமரிப்பும் வேறு கதை. மீனின் உப்பும் புரதச் சிதைவும் அதன் குறிகையை அமுக்கும் தொல்லை அங்கேயும் உண்டு. எதிர்ப்பொருளைக் கொண்டு துரிதமாக அளக்கும் எலைசா கிட்டுகள் பலவற்றிலும் முதல் படி அசைலேற்றம், அதாவது ஹிஸ்டமினோடு ஓர் அசைல் தொகுதியை ஒட்டுவது. அதுவும் ஒரு பெறுதியாக்கம்தான், சின்ன புட்டியில் வருவதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

மீனோடு இந்த வேலை நிற்பதில்லை. கரும்புக் காட்டில் அடிக்கும் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் தண்ணீரில் தேடும்போது, லேசான காரத்தில் நிறுத்தும் போரேட் தாங்கலில், பி.எச். 9 பக்கம், எஃப்மாக் குளோரைடு என்ற பொட்டைச் சேர்ப்பார்கள். கால்சியம் மிகுந்த தண்ணீரானால் அது கிளைஃபோசேட்டைப் பிடித்துக்கொண்டு விடாது, முதலில் அந்தப் பிடியைத் தளர்த்த வேண்டும். ஃபார்மால்டிஹைடைத் தேடச் சேர்ப்பது டி.என்.பி.எச். என்ற பொருள். அது கூடத்துக் காற்றிலிருந்தே ஃபார்மால்டிஹைடைப் பிடிக்கும். பக்கத்தில் அசிட்டோன் புட்டி திறந்திருந்தால் அதையும் விடாது. பொருளை ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு நிறச்சாரல் பிரிகைக்குச் சர்க்கரை, ஸ்டீராய்டு முதலியவற்றைச் சிலைலேற்றம் செய்பவர்களுக்கு, அதாவது எளிதில் ஆவியாக அவற்றில் சிலிக்கான் தொகுதியை ஒட்டுபவர்களுக்கு, பரம எதிரி ஈரம். மழைக்குப் பேர்போன நம் கியூர்பிப் ஊரில், மழை நாளில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பி.எஸ்.டி.எஃப்.ஏ. என்ற சிலைலேற்ற ரசாயனப் புட்டியைச் சில்லென்றிருக்கும்போதே திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே பனித்துவிடும். வேண்டிய வினை நடக்காமல் ரசாயனம் தண்ணீரோடு தீர்ந்துபோகும். புட்டி அறையின் சூட்டுக்கு வரும் வரை பொறுக்க வேண்டும். மாதிரியை உலர்த்தியபின் கொஞ்சம் டைகுளோரோமீத்தேன் விட்டு இன்னொரு முறை உலர்த்தினால் ஒட்டியிருக்கும் ஈரமும் போகும்.

முடிவுத் தாளைப் படிப்பதைப் பற்றி ஒரு சொல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2073/2005 விதிப்படி, ஹிஸ்டிடின் மிகுந்த மீன் சரக்கில் ஒன்பது மாதிரி எடுக்க வேண்டும். சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 100க்கும் 200க்கும் இடையில் இரண்டு மாதிரி வரை இருக்கலாம். 200ஐ ஒன்றுகூடத் தாண்டக் கூடாது. பிரான்சைச் சேர்ந்த பக்கத்துத் தீவான ரெயூனியோனுக்கும், இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் டின் சூரைக்கும் இதே கணக்கு. ஹிஸ்டமின் ஒரே மீனில்கூடச் சமமாகப் பரவியிருப்பதில்லை, செவுள் பக்கம் ஒன்று, வால் பக்கம் ஒன்று. ஒரே ஒரு துண்டைச் சோதித்து 'பாதுகாப்பானது' என்று வந்த தாளைக் கடைச் சுவரில் ஒட்டுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. ஒன்பது எண்ணும் தனித்தனியாக அச்சிட்டிருக்கிறதா, எந்த முறை, வெற்றுக் குழாயின் எண் என்ன, சேர்த்த ஹிஸ்டமினில் எத்தனை விழுக்காடு திரும்பியது என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். கருவியின் பெயரையும் விலையையும் போட்டு விளம்பரம் செய்யும் தாள்களில் இவை இருப்பதில்லை என்பது வேடிக்கை.

இன்னொன்று, இது வாசகர்கள் கையில் இருக்கிறது. மீன் சாப்பிட்டுச் சில நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தடித்து, நெஞ்சு படபடத்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். மிஞ்சிய மீனை அடுப்படியில் விடாதீர்கள். அறைச் சூட்டில் கிடந்தால் சாப்பிட்டபோது இருந்ததை விட ஹிஸ்டமின் ஏறிவிடும், கூடம் சொல்லும் எண் நீங்கள் சாப்பிட்டதன் எண்ணாக இருக்காது. கழுவாமல், மேலும் உப்போ எலுமிச்சையோ சேர்க்காமல், சுத்தமான பையில் கட்டி உடனே உறைபெட்டியில் வையுங்கள். சமைத்ததும் சமைக்காததும் இருந்தால் தனித்தனிப் பை. எங்கே, எப்போது வாங்கியது, எத்தனை மணி நேரம் ஐஸில்லாமல் இருந்தது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்கு உறைய வைத்தது என்று பையின் மேலேயே எழுதிவிடுங்கள். கொடுக்கும்போது உருகாமல் ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். ஒரு முறை உருகி மறுபடி உறைந்த மீனில், பாக்டீரியா செத்திருந்தாலும் அதன் நொதி வேலையைத் தொடர்ந்திருக்கலாம். 100 கிராம் இருந்தால் தாராளமாகப் போதும்.

இப்படிக்கு,
பகுப்பாய்வு வேதியியல் பணியில் உள்ள இருவர்,
கத்ர் போர்ன், மொரீஷியஸ்